ஆணியில் தொங்கிய சாவி

கார்ச் சாவியைத் தொங்கவிட வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்தவன் நான்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ஸ்காபரோவில், மார்க்கம் ரோட்டுக்குப் பக்கத்தில், ஒன்பதாம் மாடியில் இரண்டு அறை கொண்ட அப்பார்ட்மெண்ட். நானும் மனைவியும் ஓர் அறை. மனைவியின் தம்பி மற்ற அறை.

அவன் வந்திறங்கிய அன்றைக்கே நான் ஒரு பிரசங்கம் வைத்தேன். "இஞ்ச ஒண்டுக்கும் கேட்டுக்கொண்டு நிக்காதை. பிரிட்ஜில இருக்கிறதை எடுத்துச் சாப்பிடு. இது உன்ர வீடு." என்னுடைய தாராள மனதைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. அவன் சொன்னதைச் செய்கிறவன். கேட்காமலே எடுத்துச் சாப்பிட்டான். கேட்காமலே என் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஸ்னோவில் இறங்கினான். கேட்காமலே ஞாயிற்றுக்கிழமைகளில் காரையும் கழுவினான்.

கார் பழையது. மார்க்கம் பக்கம் இருந்த அலுவலகக் கட்டடங்களை இரவில் துப்புரவாக்கப் போவதற்காக வாங்கியது. அந்த நேரத்தில் அங்கே பஸ் இல்லை. மைத்துனன் எழுத்துப் பரீட்சை மட்டும் பாஸ் பண்ணியிருந்தான். லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் ஓட்டலாம். நான் பக்கத்தில் இருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தமிழ்க் கடை வரைக்கும் ஓட்டவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு ஷிப்ட் செய்துவிட்டு வந்து நான் நித்திரை. அவன் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, இரண்டு கூட்டாளிகளோடு நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் போய்விட்டான். எல்லாம் ஒரு படம் எடுக்கத்தான். அந்தக் காலத்தில் கனடா வந்த பெடியன்கள் எல்லோரும் காரில் சாய்ந்து நின்று படமெடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். யாருடைய கார் என்பது முக்கியமில்லை. பார்க்கிங் லொட்டில் நின்ற முன்பின் தெரியாத வெள்ளைக்காரனின் காரில் சாய்ந்து நின்றுவிட்டு, 'என்ர கார்' என்று எழுதி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

திரும்பி வரும் வழியில் பொலிஸ் மறித்தது. பின்லைட் ஒன்று எரியவில்லை. அது எரியாதது எனக்கு மூன்று கிழமையாகத் தெரியும். லைசென்ஸைக் கேட்டிருக்கிறார்கள். மூன்று பேரில் ஒருவனிடமும் முழு லைசென்ஸ் இல்லை.

"அத்தான், காரை இழுத்துக்கொண்டு போயிட்டாங்கள்" என்று போனில் சொன்னான். நான் கத்திய கத்து எட்டாம் மாடிக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த நாள் காரை மீட்கப் போனேன். கம்பி வேலி போட்ட ஒரு யார்ட். நாய் ஒன்று. சின்ன யன்னலுக்குப் பின்னால் ஒரு மனிதன், என் முகத்தைப் பார்க்காமல் பேப்பர் ஒன்றைத் தள்ளினான். இழுத்து வந்ததற்குக் காசு. நிறுத்தி வைத்ததற்கு நாள் கணக்கில் காசு. அதற்கு மேல் வரி. வேலிக்கு அந்தப் பக்கம் என்னுடைய கார் நிற்கிறது, தொட முடியவில்லை. கார் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. எங்களிடம் இருந்தது, மனைவியின் அம்மாவை, மாமியை, ஸ்பொன்சர் பண்ணிக் கனடாவுக்குக் கூப்பிடுவதற்குச் சேர்த்த காசு மட்டும். மாமி அப்போது ஊர்ச் சண்டையில் இடம்பெயர்ந்து வவுனியாவில் யாரோ சொந்தக்காரரின் வீட்டில் இருந்தார். அந்தக் காசைக் கொடுத்துக் காரை எடுத்து வந்தேன். மைத்துனன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சாவியை ஆணியில் கொழுவவில்லை. பொக்கற்றில் போட்டுக்கொண்டேன்.

பிளாசாவில் எங்கள் ஆட்களுக்கு விண்ணப்பப் போம் நிரப்பிக் கொடுக்கிற ஒருவர் இருந்தார். அவரிடம் போனேன்.

"அண்ணை, முறையிட்டால் காசு திரும்ப வரும்" என்றார். "ஆனா உங்களைக் கேக்காமல் எடுத்தது எண்டு காட்டவேணும்."

"கேக்காமல்தான் எடுத்தவன்."

"அது காணாது. ஒரே வீட்டு ஆள் எண்டா, நீங்கள் விட்டுத்தான் எடுத்தது எண்டு நினைப்பினம். அறை எடுத்து வாடகைக்கு இருக்கிற பெடியன் எண்டு சொல்லுங்கோ. அவனுக்கு ஒண்டும் வராது."

வீட்டுக்கு வந்து, கேட்காமல் எடுத்தான் என்று எழுதப்போகிறேன் என்பதை மட்டும் சொன்னேன். மைத்துனன் உடனே தலையாட்டினான். "எழுதுங்கோ அத்தான். அம்மாவின்ர காசெல்லோ. நானும் வந்து சொல்லுறன்." வாடகைப் பேச்சை நான் வாயிலிருந்து வெளியே விடவில்லை. பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவேயில்லை.

இரண்டு மாதம் கழித்து விசாரணை. யன்னல் இல்லாத ஓர் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, வயதான பெண். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர், அவரும் பெண். உள்ளே போவதற்கு முன் வராந்தாவில் மைத்துனன் எனக்குக் கோப்பி வாங்கி வந்து, "அத்தான், சூடாயிருக்கு, பாத்து" என்று நீட்டினான். அந்த மொழிபெயர்ப்பாளர் அப்போது பக்கத்து வாங்கில்தான் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே, அவன் எனக்குப் பின்னால் உட்கார்ந்தான். அதிகாரி கேட்ட மூன்றாவது கேள்வி அதுதான். காரை எடுத்தவர் உங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவரா?

"இல்லை" என்றேன். "எங்கட வீட்டில வாடகைக்கு இருக்கிறவர்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். அதையே நான் என்னுடைய அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால், பேப்பரில் எழுதிய ஒரு பொய்யாகப் போயிருக்கும். நான் அவன் காது கேட்கத் தமிழில் சொன்னேன். 'அவர்' என்று வேறு சொன்னேன். இரண்டு வருடமாக 'டேய்' என்று கூப்பிட்டவனை.

அடுத்ததாக அவனைக் கேட்டார்கள். நீங்கள் இவருடைய வீட்டில் வாடகைக்கு இருப்பவரா?

திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பிறகு, "ஓம்" என்றான்.

காரை எடுக்க அனுமதி கேட்டீர்களா?

"இல்லை. கேக்கேல்லை."

நாங்கள் வென்றுவிட்டோம். காசோலை தபாலில் வரும் என்றார்கள். திரும்பும்போது அவன் காரின் பின்சீட்டில் ஏறினான். எப்போதும் முன்சீட்டில் இருந்து ரேடியோவைத் திருகிக்கொண்டு வருகிறவன். "முன்னுக்கு வாவன்" என்றேன். "பரவாயில்லை அத்தான்" என்றான்.

அடுத்த மாதம் முதலாம் திகதி சமையல் மேசையில் ஓர் என்வலப் இருந்தது.

"என்னடா இது?"

"வாடகை அத்தான்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதைத் தூக்கி எறிந்தேன். அவன் குனிந்து எடுத்து, மடிப்பைச் சரி செய்து, மறுபடியும் மேசையில் வைத்தான். அப்போதுதான் மனைவி என்ன ஏது என்று விசாரித்தாள். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் கையில் இருந்த அகப்பையோடு அப்படியே நின்றாள்.

"என்ர தம்பி உங்களுக்கு வாடகைக்கு இருக்கிறவன் எண்டா, அப்ப நான் ஆர்?" என்று கேட்டாள்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனேன்.

அதற்குப் பிறகு அவன் எல்லாவற்றுக்கும் கேட்கத் தொடங்கினான். "அத்தான், பிரிட்ஜைத் திறக்கட்டோ?" "அத்தான், ரீவி போடட்டோ?" நக்கலுக்குக் கேட்டிருந்தால் ஒரு சத்தம் போட்டு முடித்திருப்பேன். நக்கல் இல்லை. முன்பின் தெரியாத வீட்டில் நல்ல பிள்ளை ஒன்று எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்தேன். மூத்தவன் என்ற திமிர் விடவில்லை. காசோலை வந்தது, மாமியின் ஸ்பொன்சருக்குக் காசு கட்டினோம், செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஸ்னோ கரைந்த கையோடு அவன் மொன்றியலுக்குப் போனான். அங்கே ஒரு பேக்கரியில் வேலையாம். பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று சாவியைக் கையில் எடுத்தேன். "வேண்டாம் அத்தான், சப்வேயில போவன்" என்றான். அக்காவைக் கட்டிப்பிடித்தான். என் கையைப் பிடித்துக் குலுக்கினான். எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் கைகுலுக்குவதில்லை.

கோடையில் மாமியின் கடிதம் வந்தது. எத்தனையோ கை மாறி, மாதக்கணக்கில் பிந்தி வந்த கடிதம். மனைவி சோபாவில் இருந்து சத்தமாக வாசித்தாள்.

"தம்பி காரோட நிக்கிற படம் கிடைச்சது. பக்கத்து வீட்டுப் பெடியனும் இப்பிடி ஒரு படம் அனுப்பினவன். அதில 'என்ர கார்' எண்டு எழுதியிருக்கு. எங்கட பிள்ளை படத்துக்குப் பின்னால 'எங்கட வீட்டுக் கார்' எண்டு எழுதியிருக்கிறான்."

அந்த இடத்தில் மனைவி நிறுத்திவிட்டாள். கடிதத்தை என்னுடைய கையில் தந்துவிட்டு எழும்பிக் குசினிக்குள் போனாள். மிச்சத்தை நான்தான் வாசித்தேன்.

"மருமகன், சொந்தத் தம்பியைக்கூட ஒருத்தரும் உப்பிடி வச்சிருக்க மாட்டினம். நீங்கள் நல்லா இருக்கவேணும்."

கடிதத்தின் திகதியைப் பார்த்தால், நயாகராவுக்குப் போன அந்தக் கிழமையே படத்தைக் கழுவி அனுப்பியிருக்கிறான். நான் அவனிடம் கத்திய அந்தக் கிழமை. கடிதத்தை மடித்து வைத்தேன். பொக்கற்றிலிருந்த சாவியை எடுத்துத் திரும்பவும் ஆணியில் கொழுவினேன். கேட்காமல் எடுக்க வீட்டில் ஆள் இல்லை.