தீர்த்தம் குடித்த டெப்

மன்னார் பசாரில் டெப் என்கிற அந்தக் கைக்கணினியை எடுக்கும்போது கடைக்காரர், "நம்பிக் கொண்டுபோங்கோ தம்பி, நல்ல சாமான்" என்றார். நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். எதைத் தொட்டாலும், தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்த பிறகும் அது திறக்காது.

எனக்கென்றால் பரவாயில்லை, வாங்கியது அக்காவுக்கு. அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. எங்கள் வீட்டுக்குள்ளேயே உண்டான கைச்சாடையில்தான் கதைப்பாள். அதை முழுதாய் அறிந்தவள் தங்கச்சி ஒருத்திதான். அவளோ கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போய்விட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சோறு, மீன், வா, போ. வீடியோ கோலில் என் போனின் சின்னத் திரையில் விரல்கள் தெரியாதென்றுதான் டெப் வாங்கினேன். அதிலோ தங்கச்சியின் கை பாதியில் உறைந்துபோய் நிற்கும். என்ன சொன்னாள் என்று அக்கா என் முகத்தைப் பார்ப்பாள். நான் டெப்பைத் தட்டுவேன்.

கம்பனி போட்ட மென்பொருளை அழித்துவிட்டு, வேறு ஆட்கள் எழுதிய இலேசான அன்ட்ரொயிட்டை ஏற்றினால் டெப் பறக்கும் என்று யூரியூப்பில் ஒருவன் சொன்னான். துணிந்தேன். 'இதைப் புதிசாக்கப்போறன்' என்று அக்காவுக்கும், துடைத்து மினுக்குவதுபோல், தெரிந்தமட்டும் கையால் காட்டினேன். லப்டொப்பில் வயரைக் கொழுவி, பழையதை அழித்தேன். புதியது ஏறத் தொடங்கியது. முடியும்வரை டெப்பைத் தொடவே கூடாது. நான் மூச்சைக்கூட மெல்லத்தான் விட்டேன்.

எங்கள் பக்கத்தில் புது வள்ளமோ புது வலையோ தீர்த்தம் படாமல் கடலுக்குப் போகாது. அக்கா சாமிச் சுரூபத்தடியில் இருந்த தீர்த்தப் போத்தலை எடுத்துவந்தாள். சிலுவை போட்டாள். சாமியாரே காட்டாத தாராளத்தோடு டெப்பின்மேல் ஊற்றினாள்.

"ஐயோ, நாசமாப் போச்சு!" என்று கத்தினேன். அக்காவுக்கு எங்கே கேட்கப்போகிறது? பக்கத்து வீட்டு மாமிதான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஆருக்கு என்ன?"

"டெப்புக்கு ஞானஸ்நானம் மாமி. வந்து ஞானத்தாயா நில்லுங்கோ."

துடைத்தேன், ஊதினேன், கோயிலில் சொல்லக்கூடாத சொல்லெல்லாம் சொன்னேன். அக்கா கைகூப்பி நின்றாள். சனியன் பிடித்த டெப் ஒருவழியாக எழும்பியது. சத்தியமாய்ப் பறந்தது. ஆனால் ஸ்பீக்கர் செத்துவிட்டது.

தங்கச்சியை அழைத்தேன். வாய் அசைந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. இவ்வளவு பாடுபட்டும் பிழையாப் போச்சே என்று நான் தலையில் கைவைக்க, அக்கா என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்து இருந்தாள். அவள் கைகள் ஓடத் தொடங்கின. அங்கே தங்கச்சியின் கைகளும் ஓடின. ஒரு விரலும் உறையவில்லை. இடைக்கிடை என்னைக் காட்டிக் காட்டி இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னடி சொல்லுறாள்?" என்று தங்கச்சியிடம் கேட்டேன். அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. காது நல்லாய் இருந்தும் எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அக்காவின் முழங்கையைத் தட்டி, எனக்கும் காட்டித் தா என்று கையை நீட்டினேன்.