வெர்னாவின் சுத்தமான நெற்றி

கெல்லர்ஸ் ஃபால்ஸில் குருவானவர்கள் வருவார்கள், போவார்கள். வெர்னா டட்டில் மட்டும் இருப்பாள். செயின்ட் மத்தியாஸ் கோயில் அலுவலகத்தில் டெலிபோன் எடுப்பதிலிருந்து, பீடத்துத் துணியை இந்த வாரம் யார் துவைப்பது என்று தீர்ப்புச் சொல்வது வரை எல்லாம் அவள் கையில். நான் அங்கே ஆர்கன் வாசிப்பவன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் போதும், திங்கட்கிழமை பிடித்துக்கொள்வாள். "ஏன் ஆல்டன், நேத்து தூங்கிக்கிட்டே வாசிச்சியா?"

அவள் புருஷன் லைல் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். அவன் செத்த பிறகு, வீட்டில் காட்ட வேண்டிய அதிகாரத்தையும் சேர்த்துக் கோயிலில் காட்டுகிறாள் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். லைல் இருந்தபோதும் அவள் இப்படித்தான்.

போன வருஷம் வந்த குருவானவர் ரோசலிண்ட் ஏக்டால், ஒரு பெண். எங்கள் கோயிலுக்குப் பெண் குரு அதுதான் முதல் தடவை. நாங்கள் வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கோபத்தைக்கூட கேக் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் காட்டுவோம். மதர் ரோசலிண்ட் வீட்டில் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கேக்குக்குக் குறைவில்லை.

நாற்பது நாள் உபவாசம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் ஒரு சிக்கல் வந்தது. போன குருத்தோலை ஞாயிற்றில் கொடுத்த ஓலைகளை எரித்து, அந்தச் சாம்பலைத்தான் எல்லார் நெற்றியிலும் சிலுவையாகப் பூசுவோம். அந்த வேலையை எப்போதும் செய்பவர் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஆரின். அவர் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தார்.

"தயாரான சாம்பல் கடையில கிடைக்குதே வெர்னா, வாங்கிக்கலாமா?" என்று மதர் கேட்டார்.

"சாம்பலைக் காசு குடுத்து வாங்குற அளவுக்கு இந்த ஊர் கெட்டுப்போகல மதர். ஆரின் பண்றதை நான் எத்தனை வருஷமாப் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். நானே பண்றேன்."

பக்கத்தில் நின்றாள் என்பது உண்மை. ஆனால் பார்த்தாளா என்றால், இல்லை. ஆரினைத் திட்டிக்கொண்டுதான் நின்றிருப்பாள். காப்பி டப்பாவில் ஓலையை எரித்துச் சலித்தாள். பொடி விரலில் ஒட்டவில்லை. ஆரின் அதில் ஆலிவ் எண்ணெய் விட்டுக் குழைப்பார். இவள் குழாயைத் திறந்து வெந்நீர் பிடித்து ஊற்றினாள். சாம்பலில் தண்ணீர் சேர்ந்தால் அரிக்கும் காரம் ஊறி வெளியே வரும். அந்தக் காலத்தில் சோப்புக் காய்ச்சியதே அப்படித்தான். தோலைத் தின்றுவிடும்.

மத்தியான ஆராதனையில், மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்கே போவாய் என்று சொல்லி, மதர் கட்டைவிரலால் எங்கள் நெற்றியில் பூசினார். லேசாகக் குறுகுறுத்தது. பாவம் உறுத்துகிறது போல என்று நினைத்துக்கொண்டு, கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் தொப்பியைக் கழற்றினால், நெற்றியில் சிவப்பாக ஒரு சிலுவை கொப்பளித்திருந்தது.

எனக்கு மட்டும் இல்லை, பூசிக்கொண்ட அத்தனை பேருக்கும். மதருக்கு நெற்றியோடு கட்டைவிரலும் உரிந்துபோயிற்று. சபைக் கமிட்டித் தலைவர் பிரஸ்காட் லேத்ராப் கேட்டதற்கு, "பூசினது என் கை" என்பதற்கு மேல் மதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரஸ்காட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், மதரை மாற்றும்படி பிஷப்பிடம் கேட்க முடிவு செய்யப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

சனிக்கிழமை நான் பாட்டுப் பயிற்சிக்குப் போனபோது வெர்னா அலுவலகத்தில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் வாரிப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கும் முடி நெற்றியை மூடிக்கொண்டு கிடந்தது.

"ரொம்ப எரியுதா?" என்றேன்.

அவள் முடியைத் தூக்கிக் காட்டினாள். "என்ன தெரியுது?"

"ஒண்ணுமே இல்லையே."

"அதுதான்."

சாம்பலில் தண்ணீர் ஊற்றியதைச் சொன்னாள். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை, யாருக்கும் கை தவறும். அடுத்ததைச் சொல்லத்தான் அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பூசிக்கொண்ட கையோடு பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறைக்குப் போய் அவள் நெற்றியைக் கழுவிவிடுவாள். அந்த வருஷம் மட்டும் இல்லை, எல்லா வருஷமும்.

"உபவாசம் இருக்கும்போது முகத்தைக் கழுவுன்னு அன்னைக்கு வாசிக்கிற வசனத்துலயே இருக்கேன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். சும்மா. கடைக்குப் போனா நாலு பேரு பாப்பாங்களேன்னு கூச்சம், அவ்வளவுதான். சாம்பலோட இருந்தவங்க எல்லாரும் வெந்துபோயிட்டாங்க. கலக்குனவ நான், மொழுமொழுன்னு உக்காந்திருக்கேன்."

மறுநாள் ஆராதனை முடிந்து எல்லாரும் கூடத்தில் காப்பிக்கு நின்றோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவந்த சிலுவை. எனக்கே சிரிப்பு வந்திருக்கும், ஆனால் மதர் கட்டுப்போட்ட கட்டைவிரலோடு ஓரமாகத் தனியாக நின்றிருந்தார். ஒருத்தர்கூட அவர் பக்கம் போகவில்லை. நானும் போகவில்லை.

பிரஸ்காட் கரண்டியால் கோப்பையைத் தட்டினார். "பிஷப் ஆபீஸ்ல பேசலாம்னு இருக்கோம். அனுபவம் உள்ள ஒருத்தரை..."

"பிரஸ்காட், அவங்க விஷயத்தை விடு. கலக்குனது நான்."

வெர்னாவின் குரல் அத்தனை சின்னதாக நான் கேட்டதில்லை.

"நீயா?" என்று அவர் அவளை உற்றுப் பார்த்தார். "அப்போ உனக்கு ஏன் காயமில்ல? நீயும் வரிசையில நின்னியே, எனக்கு முன்னாடி."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பூசியது லேசாகத்தான் பட்டது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் முடியை ஒதுக்கி, வெளிச்சத்தில் நெற்றியைக் காட்டினாள்.

"கழுவிட்டேன். வருஷா வருஷம் கழுவிடுவேன். வெக்கமா இருக்கும்."

கை தவறியதை மன்னிக்க எங்களுக்குத் தெரியும். வெட்கப்பட்டுக் கழுவியதை எந்தக் கணக்கில் வைப்பது என்றுதான் தெரியவில்லை. அவள் கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்துகொண்டே போனாள். அந்தக் கூடத்தில் இருந்த சிவப்பிலேயே அவள் சிவப்பைத்தான் பார்க்க முடியவில்லை. பிரஸ்காட் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டைத் தேடினார். அதற்குப் பிறகு பிஷப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வெர்னா அலுவலகச் சாவியை மேஜைமேல் வைத்தாள். மதர் அதை எடுத்து அவள் கோட்டுப் பையிலேயே போட்டார். "அடுத்த வருஷம் யாரு சாம்பல் கலக்குறது? எனக்கு எண்ணெய் அளவு தெரியாது."

அந்த வருஷம் முழுக்க வெர்னா என் வாசிப்பைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

இந்த வருஷம் சாம்பல் புதனன்று வெர்னா சாம்பலை ஆலிவ் எண்ணெயில் குழைத்தாள், ஆரின் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்ததும் பனி கொட்டியதால் அவளை என் காரில் ஏற்றிக்கொண்டேன். கடையில் நிறுத்தச் சொன்னாள்.

கல்லாவில் இருந்த பெண் வேலைக்குப் புதிது. "மேடம், உங்க நெத்தியில ஏதோ கருப்பா ஒட்டியிருக்கு. துடைக்கத் தாள் தரட்டுமா?" என்றாள்.

வெர்னாவின் கை பாதி தூரம் மேலே போனது. பிறகு இறங்கி, ரொட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தது.

"தெரியும்மா, இருக்கட்டும்" என்றாள். முகம் நன்றாகவே சிவந்திருந்தது.

அந்தப் பெண் அடுத்து என்னைப் பார்த்தாள். நான் புருவம் வரை இழுத்துவிட்டிருந்த தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.