கேதீஸ்வரி அக்காவின் சந்தைப் பை

எங்கள் ஒழுங்கையில் எனக்குப் பக்கத்து வீடு கேதீஸ்வரி அக்கா வீடு. அந்த வீட்டில் முப்பது வருடமாகப் பாவற்காய் சமைத்ததில்லை. அக்காவுக்குப் பாவற்காய் என்றால் உயிர். ஆனால் சந்தைக்குப் போகிறவர் அவருடைய கணவர் நமசிவாயம் அண்ணை. அவருக்குக் கைப்பு ஆகாது. பிறகெங்கே பாவற்காய்?

எங்கள் ஊர் புத்தூரில் பெண்கள் சந்தைக்குப் போகக்கூடாதென்று ஒருவரும் சட்டம் போடவில்லை. நானே கிழமைக்கு இரண்டு தரம் அச்சுவேலிச் சந்தைக்குப் போகிறவள். அந்த வீட்டில் மட்டும் சந்தைப் பை அண்ணையின் செங்கோல். வேட்டியை மடித்துக் கட்டி, பையைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு அவர் புறப்படுகிற எடுப்பைப் பார்த்தால், ஏதோ நாடு பிடிக்கப் போகிறார் என்றுதான் நினைப்பீர்கள். போய்ச் செய்கிறது என்ன? பையை ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணிக் கடையில் இருந்து அரசியல் கதைப்பார். வியாபாரி கைக்கு வந்ததைப் போட்டு நிரப்பிவிடுவான். முற்றல் வெண்டிக்காய், வாடின கீரை, எது வந்தாலும் அக்கா வாய் திறக்காமல் சமைப்பார். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

போன மாசியில் அண்ணை முருங்கைக்காய் பிடுங்க மரத்தில் ஏறினார். முருங்கைக் கொப்பு ஆளைத் தாங்காதென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொப்போடு அண்ணையும் வந்தார். கால் முறிந்து, கட்டுப் போட்டுக் கதிரையில் இருத்திவிட்டார்கள். பாவம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கறிக்கு ஒன்றுமில்லையே. அக்கா என் படலை வாசலில் வந்து நின்றார்.

"தயாளினி, நானும் உன்னோடை சந்தைக்கு வரட்டே?"

அன்று அந்த மனுசியைப் பார்த்திருக்க வேண்டும். வேரில் செம்மண் ஈரம் காயாத கீரைப்பிடியைத் தூக்கி முகத்தோடு வைத்து மணந்து பார்த்தார். ஒரு வெண்டிக்காயின் நுனியை முறித்தார். படக்கென்று முறிந்ததும் தன்பாட்டில் சிரித்தார். தன் தோட்டத்து மரக்கறியைச் சாக்கில் பரப்பி விற்கிற குணலட்சுமியிடம் வந்தபோது பாவற்காயைக் கண்டார். கண்டவர் அப்படியே குந்திவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்துத் தெரிந்தெடுத்தார். அன்று மத்தியானம் பாவற்காய்ப் பொரியல் மணம் வேலி தாண்டி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு ஆளைப் பிடிக்க முடியவில்லை. வீட்டில் வாய் திறக்காத அக்கா சந்தை முழுக்கக் கதைத்தார். யாருடைய தோட்டத்தில் கத்தரி காய்க்கத் தொடங்கியது, யாருடைய மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். மாம்பழக் காலத்தில் ஒவ்வொரு குவியலையும் மணந்து பார்த்து முடிக்காமல் வீட்டுக்கு வரமாட்டார். வாங்குகிறதோ இரண்டு பழம்.

ஆடி பிறக்க அண்ணைக்குக் கால் சரிவந்தது. வேதாளம் பழையபடி முருங்கையில் ஏறியது. ஒரு காலை நான் சைக்கிளோடு போய் நிற்க, படலையடியில் இருவரும் பையின் காதுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"சந்தைக்குப் போறது என்ரை வேலை. நீர் உள்ளுக்கை போம்," என்றார் அண்ணை.

முப்பது வருடமும் விட்டுக் கொடுத்தவர், இன்றைக்கும் விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"இவ்வளவு காலமும் நீங்கள் கொண்டுவந்ததைத்தானே நான் திண்டனான்," என்றார் அக்கா. "உமக்கு என்ன விருப்பமெண்டு ஒருநாள் கேட்டனீங்களே? பையைத் தரமாட்டன். வேணுமெண்டால் பின்னாலை வாங்கோ."

அண்ணை வந்தார். தன் ராச்சியத்தில் தன்னை மறந்திருக்க மாட்டார்கள் என்ற தைரியம். சந்தைக்குள் கால் வைக்க முன்னமே நாலு பக்கத்தாலும் குரல் வந்தது.

"கேதீசக்கா, இஞ்சை வாங்கோ!"

"அக்கா, உங்களுக்கெண்டு பிஞ்சு வெண்டிக்காய் எடுத்து வைச்சனான்!"

அண்ணை தொண்டையைச் செருமிப் பார்த்தார். ஒருவரும் திரும்பவில்லை. குணலட்சுமி மட்டும் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டாள்.

"ஐயா, நீங்கள் கேதீசக்காவின்ரை மனுசனோ?"

நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அண்ணை தேத்தண்ணிக் கடைப் பக்கம் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா குந்தியிருந்து பாவற்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"ஓம் பிள்ளை," என்றார் கடைசியில். "அவவின்ரை மனுசன்தான்."

அக்கா நிமிர்ந்தார். அப்படியொரு வடிவான முகத்தை நான் அவரிடம் கண்டதேயில்லை. பையைத் தூக்கி அண்ணையின் கையிலேயே கொடுத்தார்.

"நல்லா விரிச்சுப் பிடியுங்கோ," என்று சொல்லி, பாவற்காயை இரண்டு கையாலும் அள்ளி அதற்குள் போட்டார்.