மிச்சக் காற்று

கடலுக்கடியில் மீன் பார்க்கும்போது நீங்கள் இழுக்கிற மூச்சுக்காற்றைச் சிலிண்டரில் அடைத்துக் கொடுத்தது யாரென்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?

கடலில் மூழ்கிப் பார்க்கும் ஸ்கூபா விருந்தாளிகளை ஏற்றிப்போகும் ஓர் உல்லாசக் கப்பலில், அதை அடைத்துக் கொடுப்பவருக்குக் காற்றுக்காரர் என்று பெயர். ஆறு நாள் பயணத்தில் முந்நூறு சிலிண்டர்களை நிரப்ப வேண்டும். காற்றை உறிஞ்சும் குழாயை எஞ்சின் புகை படாதபடி மேல்தளத்தில் பார்த்துப் பார்த்துத் திருப்பிவைப்பார். அவர் உட்காருவதும் படுப்பதும் மட்டும் கீழே, புகை மண்டும் காற்றை அழுத்தி அடைக்கும் ஜன்னலில்லாத கம்ப்ரசர் அறையில். பதினோரு வருடத்தில் இருமல் நெஞ்சில் குடியேறிவிட்டது.

விருந்தாளி ஒருவர் சிலிண்டரை முகர்ந்து, "மலைக்காத்து மாதிரி இருக்குண்ணே!" என்றார்.

"இருக்கும் தம்பி, நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

அன்று மதியம் காற்றுக்காரருக்கு மூச்சு முட்டியது. விருந்தாளிகள் திருப்பித் தந்த சிலிண்டர் ஒன்றைத் திறந்து முகத்தருகே பிடித்துக்கொண்டார். மேனேஜர் பார்த்துவிட்டார்.

"யோவ், அது கெஸ்ட்டோட காத்துய்யா!"

"அவங்க விட்ட மிச்சம்தான் சார். ஒரு ஜன்னல் வெட்டிக் கொடுங்க, இதைத் தொடமாட்டேன்."

"ஜன்னலா? கப்பலோட அழகு என்னாகறது?"

காற்றுக்காரர் வால்வை மூடினார். இருமலை மூட முடியவில்லை.

அடுத்த முறை கப்பலேறினால், முதலில் அந்த அறைக்குள் இறங்கி ஒரே ஒரு மூச்சு இழுங்கள். பிறகு மேலே வந்து, ஜன்னல் வெட்டும்வரை தண்ணீரில் குதிக்கமாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லுங்கள்.