ஒரே ஓடை, இரண்டு சங்கம்

"சேர், புள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகவா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

இரண்டு வாரத்துக்கு முன் பதுளை ஆஸ்பத்திரி வாசலில் செல்வராணி என்னிடம் கேட்ட கேள்வி இது. அவளுடைய மகள் கவிதாவுக்குத் தலைப்பிரசவம். சுகப்பிரசவம்தான். பெண் குழந்தை. இரண்டொரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு குழந்தை தன் பாட்டி வீட்டுக்குப் போவதா, வேண்டாமா என்பதை ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் ஏன் முடிவு செய்ய வேண்டும்?

காரணம் இருக்கிறது. அந்த வீட்டில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமல் போனதற்கு வறட்சி பாதிக் காரணம். மீதிப் பாதி நான்.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே, பஸ் நின்றுவிடும் இடத்திலிருந்து இன்னும் ஏறிப் போனால் தேயிலைத் தோட்டத்தின் ஒரு டிவிஷன் வரும். அங்குள்ள பாடசாலையில்தான் நான் அதிபராக இருந்தேன். பொது மின்சாரம் அந்த உயரத்துக்கு இன்னும் ஏறி வரவில்லை. அதனால் பக்கத்து ஓடையைச் சின்னக் குளமாகத் தேக்கி, பைப்பில் இறக்கி, ஒரு டர்பைனைச் சுற்றவிட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வெளிச்சம் எடுக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு லைட் சங்கம். அதே குளத்திலிருந்து, அதே கரண்டில் ஓடுகிற மோட்டார் வைத்து மேல் லயத்து டேங்குக்குத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு தண்ணீர்ச் சங்கம்.

இரண்டுக்கும் தலைவர் யார்? அடியேன்தான். படித்த மனுசன், நாலு இடத்துக்குப் போய்ப் பேசத் தெரிந்தவர் என்று என்னைப் போட்டார்கள். நானும் பதுளையிலிருந்து பஸ் ஏறிப் போய்த் தலைமை தாங்கிவிட்டு வருவேன்.

தண்ணீர்ச் சங்கம் மாதத்தின் முதல் ஞாயிறு கூடும். லைட் சங்கம் மூன்றாம் ஞாயிறு. லைட் கூட்டத்தில் யாராவது "சேர், இந்தத் தண்ணி விசயம்..." என்று எழுந்தால், "அது அந்தக் கூட்டத்துக்குரியது, அங்கே பேசுவோம்" என்று உட்கார வைத்துவிடுவேன். தண்ணீர்க் கூட்டத்தில் லைட்டைப் பற்றிப் பேசினாலும் அதே கதி. கணக்குப் பாட நேரத்தில் தமிழ்ப் புத்தகத்தைத் திறக்கவிடாத வாத்தியார் பழக்கம். இதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மோட்டார் போன வருடம் வந்தது. எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்று ஓடையை அளந்தோம். எப்போது அளந்தோம் தெரியுமா? தை மாதம். கார்த்திகை, மார்கழி மழையை முழுக்கக் குடித்துவிட்டு ஓடை கொழுத்துக் கிடந்த நேரம்.

எங்கள் ஊவாப் பக்கம் ஆனியிலும் ஆடியிலும் காய்வது புதிதல்ல. ஆனால் முன்பெல்லாம் இடையில் ஒரு மழை எட்டிப் பார்த்து ஓடையைத் தேற்றிவிட்டுப் போகும். இப்போது வந்தால் மண் சரிகிற மழை. வராவிட்டால் வருவதே இல்லை. காலநிலை மாறிவிட்டது என்று பரிசளிப்பு விழா மேடைகளில் நான் பேசாத பேச்சா? பேசுவேன். பேசிவிட்டு வந்து தை மாதத்தில் ஓடையை அளப்பேன்.

இந்த ஆடியில் என்ன ஆயிற்று என்றால்...

மேல் லயத்துச் செல்வராணிதான் தண்ணீர்ச் சங்கத்தின் செயலாளர். கொழுந்தெடுக்கிறவள். பகல் முழுக்க மலையில் இருப்பாள். சாயங்காலம் வந்துதான் மோட்டாரைப் போடுவாள். அதே நேரத்தில்தான் எல்லா லயத்திலும் லைட், டிவி, ரைஸ் குக்கர் எல்லாம் உயிர் பெறும். ஓடையோ நூலாக மெலிந்து கிடக்கிறது. மோட்டார் ஓட ஓடக் குளத்தின் மட்டம் இறங்கும். மட்டம் இறங்கினால் டர்பைனுக்குப் போகிற தண்ணீர் குறையும். கரண்ட் குறையும். மோட்டார் முனகிக்கொண்டே நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் குளம் ஊறும், வெளிச்சம் திரும்பும், அவள் மறுபடி மோட்டாரைப் போடுவாள். மறுபடி முனகல்.

அதாவது, எந்தத் தண்ணீர் தன்னைச் சுற்றவைக்க வேண்டுமோ அந்தத் தண்ணீரையே மோட்டார் குடித்துக்கொண்டிருந்தது.

லைட் சங்கத்துச் செயலாளர் முருகேசு, டர்பைனைக் கவனிப்பவர், "மெசின்ல ஒரு கோளாறும் இல்ல சேர்" என்றார். செல்வராணி, "மோட்டார் புத்தம் புதுசு சேர்" என்றாள். இருவர் சொன்னதும் உண்மை. இருவரையும் தனித்தனி ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டுக்கொண்டு, இருவரிடமும் "சரி, பார்ப்போம்" என்றவன் நான். இரண்டு கூட்டத்திலும் உட்கார்ந்திருந்த ஒரே தலைக்குள் இந்த இரண்டும் சந்திக்கவில்லை என்றால் அந்தத் தலையை என்னவென்று சொல்வது?

ஆஸ்பத்திரி வாசலில் எனக்குத் தோன்றிய உடனடித் தீர்வு இதுதான்: "கொஞ்ச நாளைக்கு நம்ம வீட்டிலேயே தாயும் பிள்ளையும் இருக்கட்டுமே." பதுளையில் என் வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும்.

"ஏன் சேர், மேல் லயம் மொத்தமும் ஒங்க வீட்டுக்கு வந்து குளிக்கலாமா?" செல்வராணி சிரிக்காமல்தான் கேட்டாள். "மொனராகலையில கெணறு வத்திப்போச்சுன்னுதான் மருமகன் அவள இங்க அனுப்புனாரு. மலையில தண்ணிக்கு என்ன பஞ்சம்னு. இப்ப நான் அவரு மூஞ்சியில எப்படி முழிக்கிறது? பச்ச ஒடம்புக்காரி. தெனம் சுடுதண்ணி வாக்கணும். புள்ளத் துணி அலசணும். கீழ் லயத்து ஊத்துல இருந்து எத்தன கொடம் தூக்குவேன்? நானும் வேலைக்குப் போவணுமில்ல?"

அன்றைக்கே மேலே போனேன்.

கோயில் முன்னால் இரண்டு சங்கத்தையும் ஒன்றாக உட்கார வைத்தோம். முதல் ஞாயிறும் இல்லை, மூன்றாம் ஞாயிறும் இல்லை. வெறும் புதன்கிழமை.

தவறு என்னுடையது என்று தொடங்கினேன். ஒரே ஓடையை இரண்டாகப் பிரித்து வைத்துப் பேசியது நான்தான், பேச வந்தவர்களின் வாயை அடைத்ததும் நான்தான், மன்னித்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

"மன்னிப்பெல்லாம் அப்பறம் கேட்டுக்கலாம் சேர்" என்றார் முருகேசு. "இருட்டுறதுக்குள்ள விசயத்துக்கு வாங்க."

செல்வராணி நேராக முருகேசுவிடம் திரும்பினாள். "பகல்ல நாங்க எல்லாரும் மலையில. ஒரு பல்பு எரியல. அப்ப எதுக்குத் தம்பி அந்த மெசின் சும்மா சுத்திக்கிட்டுக் கெடக்கு?"

"நிப்பாட்டுனா போனுக்கு சார்ஜ் ஏறலன்னு ஒங்க லயத்து ஆளுங்கதான்க்கா மொதல்ல சண்டைக்கு வருவாங்க."

"சார்ஜ் ஏத்தி யாருகிட்டப் பேசப்போறோம்? தண்ணி இல்லன்னு சொல்றதுக்கா?"

கூட்டம் சிரித்தது. முருகேசு மட்டும் சிரிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தார்.

"சரிக்கா. காலையில பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போறப்பவே நான் மெசினுக்குப் போற மதக அடைச்சிட்டுப் போயிர்றேன். பகல் பூரா கொளம் ரொம்பும். சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிஞ்சதும் தொறந்தா மெசின் முழு இழுப்பு இழுக்கும். ஆனா மோட்டார் ஓடி முடியிற வரைக்கும் எந்த வீட்டுலயும் ஒரு பல்புகூட எரியக் கூடாது. டிவி கூடாது. குக்கர் கூடாது."

கீழ் லயத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். "எங்களுக்குத்தான் ஊத்து இருக்கே. மேல் லயத்துக்காக நாங்க ஏன் இருட்டுல கெடக்கணும்? அதுவும் இன்னைக்கு சீரியல்ல அந்த மாமியா சாவப்போறா."

"நாளைக்கும் சாவா" என்றாள் செல்வராணி. "ஒரு மாசமா செத்துக்கிட்டுத்தானே இருக்கா. எம் பேத்தி இப்பதான் பொறந்திருக்கு."

அந்தப் பெண் உட்கார்ந்தாள். பிறகு, "டேங்கு ரொம்புனது எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். டேங்க் வழிந்ததும் கோயில் மணி அடிப்பது, மணிச் சத்தம் கேட்ட பிறகே வீடுகளில் சுவிட்சைத் தொடுவது என்று முடிவாயிற்று.

இந்த ஏற்பாட்டில் பாதி செல்வராணியின் வாயிலிருந்து வந்தது, மீதி முருகேசுவின் வாயிலிருந்து. வருடம் முழுக்க அவர்கள் இருவரும் ஒரே பாயில் உட்காராமல் பார்த்துக்கொண்டவன் யார் என்று மறுபடி சொல்லத் தேவையில்லை.

மறுநாள் சாயங்காலம் நான் மேல் லயத்து டேங்க் பக்கத்தில் நின்றேன். குளத்தருகே மோட்டாரோடு செல்வராணி. கீழே டர்பைனோடு முருகேசு. லயங்கள் இருட்டத் தொடங்கின. வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். கீழே ஒரு ஜன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது.

"யாரு வீட்டுல லைட்டு எரியிது?" என்று ஒரு குரல்.

"அது மண்ணெண்ண குப்பி லாம்பு. அதையுமா அணைக்கணும்?" என்று பதில் குரல்.

டேங்குக்கு வருகிற பைப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நடுக்கம். பைப்பின் வாயிலிருந்து காற்றுதான் முதலில் வந்தது, இருமுகிற கிழவனைப் போல. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் கொஞ்சம் செம்மண் கலங்கல். அப்புறம் தண்ணீர். நிற்காத தண்ணீர். முனகல் இல்லை, விக்கல் இல்லை.

இத்தனை வயதில் ஒரு டேங்க் நிறைவதைப் பார்த்துக் கண் கலங்குவேன் என்று நினைக்கவில்லை. நல்ல வேளை, அங்கே லைட் இல்லை.

மணி அடித்தது. கீழிருந்து மேலாக ஒவ்வொரு ஜன்னலாக வெளிச்சம் ஏறி வந்தது. மாமியார் அன்றும் சாகவில்லையாம்.

சனிக்கிழமை கவிதா குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். மொனராகலையிலிருந்து வந்திருந்த மருமகன், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்ததும் மூடினார். நான் பார்த்துவிட்டேன். அவர் அசடு வழியச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது.

பிரச்சினை முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் குளம் பாதிதான் நிறைகிறது. அன்றைக்கு டேங்குக்கு முதலிடம், டிவிக்கு லீவு. அடுத்த ஆடி எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஓடையை இனிமேல் காய்கிற மாதத்திலும் அளப்பது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். இரண்டு சங்கமும் இப்போது ஒரே நாளில் ஒன்றாகக் கூடுகின்றன. இரண்டு தலைமையையும் விட்டுவிடுகிறேன் என்றேன். முருகேசு விடவில்லை. "குழப்புன ஆளே சேந்து நேராக்கணும் சேர். தப்பிச்சு ஓடலாம்னு பாக்குறீங்களா?"

போன ஞாயிறு நான் போனபோது செல்வராணி பேத்தியைக் காலில் படுக்க வைத்துக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை லயமே அதிரும்படி கத்தியது.

இந்த வறட்சியில் தண்ணீர் ஏன் வந்தது என்று அழுத ஒரே ஆள் அந்தப் பேத்திதான்.