சேஸி வராத மாதங்களும் பூட்டிய பெட்டிகளும்

தொடர்ந்து மூன்றாவது கப்பலிலும் சேஸி வரவில்லை. எங்கள் தீவில், டாலிகஞ்ச் என்ற ஊரில், பஸ், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை எங்களுடையது. மெயின்லேண்டிலிருந்து என்ஜினும் சக்கரமுமாக வெறும் சேஸி வந்தால்தான் அதன்மேல் படாக் மரத்தில் பாடி கட்ட முடியும். பெட்ரோல் விலை ஏறியதும் புது வண்டி கேட்க ஆளில்லை.

ஃபோர்மேன் என்ற பெரிய பதவியில் இருந்த நான், மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தேன்: பதினொரு பேரில் நால்வரை வேலையிலிருந்து நிறுத்துவது. இதற்கு மூளையே தேவையில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பட்டியலை எழுதி மேனேஜர் வேதமூர்த்தியிடம் நீட்டினேன். திருநெல்வேலிக்காரர், குரலை உயர்த்தமாட்டார்.

முதல் பெயர் தச்சர் ஹரிபதா. ஏற்கெனவே ஒருமுறை வங்காளத்தில் வீடு வாசலை விட்டு வந்தவர். மூன்று பெண்கள்.

"இவரை அனுப்பிட்டா, சேஸி வாற அன்னைக்கு மரத்த யாருவே அறுப்பா? நீரா?"

"வேலையே இல்லையே சார்."

"பெரார்கஞ்ச்ல எத்தன லாரி சக்கரத்தக் கழட்டிக் கல்லுமேல நிக்கி, பாத்தீரா? புதுசு வாங்க முடியாதவன் பழசத்தான ஓட்டணும்?"

"ஸ்பேர் இல்லாமத்தான் சார் நிக்குது. ஜஹாஜ் வந்தாத்தான் ஸ்பேர். அடுத்த கப்பல் எப்பவோ?"

மேனேஜர் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "எல்லார் பெட்டியையும் தெறக்கச் சொல்லும்."

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு போல்ட் தேவையென்றால் ஸ்டோரில் இரண்டு கேட்பார்கள். மிச்சம் ஆளாளுக்கு வைத்திருந்த டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். அடுத்த கப்பல் எப்போது வருமோ என்ற பயம்தான் காரணம், திருட்டு எண்ணம் இல்லை. ஸ்டோர் காலி, பெட்டிகள் நிரம்பி வழிந்தன.

தார்ப்பாய் விரித்துக் கொட்டினோம். ஃபேன் பெல்ட், ஸ்பிரிங் புஷ், பிரேக் லைனிங், கீல், கண்ணாடி ரப்பர். கடைசியில் என் பெட்டி. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஹரிபதா எட்டிப் பார்த்தார். "அரே ஃபோர்மேன் சாப், ஜஹாஜ் உங்க பெட்டியிலயா நின்னுச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், வேறு என்ன செய்வது?

அன்றே எல்லாம் ஒரே ஸ்டோருக்குப் போனது. இரண்டு கேட்டாலும் ஒன்றுதான் கிடைக்கும். வண்டி வரட்டும் என்று காத்திருக்காமல், கருவிகளைத் தூக்கிக்கொண்டு வண்டி நிற்கும் இடத்துக்கே போனோம். மெக்கானிக்குகள் என்ஜினைக் கவனிக்க, தச்சர்கள் உளுத்த பலகையை மாற்றினார்கள். அந்தக் கூலியில் பதினொரு பேருக்கும் சம்பளம் ஓடியது. மறுபடி சேஸி வந்து இறங்கியபோது கப்பல் துறையில் பதினொரு பேரும் நின்றோம். ஆட்களை நிறுத்திவிட்டு இப்போது ஆள் பற்றாமல் திண்டாடிய மற்றப் பட்டறைக்காரர்களின் ஆர்டரும் எங்களுக்கே வந்தது.

சில வருடங்கள் கழித்து, புரோத்ராபூரில் ஹரிபதாவின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். பந்தியில் எனக்கும் மேனேஜருக்கும் முதல் இடம். சம்பந்தியிடம் ஹரிபதா என்னைக் காட்டிச் சொன்னார்: "கஷ்டத்துல என் நௌக்ரிய, என் வேலைய, காப்பாத்துனது இவர்தான். மொத்தப் பெட்டியும் கொட்டிட்டார்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. பட்டியலைப் பற்றி மேனேஜர் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. அப்போதும் என்னைப் பார்க்காமலே, "ஃபோர்மேன் சாருக்கு இன்னொரு மீன் வைங்க" என்றார்.

ஆளைக் குறைக்கப் பேனாவைத் திறக்கும் இளைய மேனேஜர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: முதலில் உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஹரிபதா தன் கையால் வைத்த அந்த மீனை நான் அன்று இலையோரம் ஒதுக்கித்தான் வைத்தேன்.