இடக்கைத் தையல்

“கத்தியைக் கீழ வை பாப்பா.”

“மூட்டையைப் பிரிக்க வேண்டாமா அக்கா?”

“பிரிக்கணும். வெட்டக் கூடாது.”

“எப்படியும் திறக்கத்தானே போறோம்?”

“ரெண்டு பாஷை படிச்சவ பேசுற பேச்சா இது? நகரு.”

தீவனம் கலக்கும் அந்தப் பெண்மணி சாக்கின் வாயருகே குந்தி, விரல் நுனியால் தடவி, நூலின் வால் எங்கே என்று தேடினார். அகப்பட்டதும் ஒரே இழுப்பு. தையல் முழுவதும் சரசரவென்று கழன்று வந்தது. அந்த நூலை விரலில் சுற்றி, மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“உள்ள என்ன அக்கா?”

“கடல்பாசி. மாட்டு ஏப்பத்துக்கு மருந்து.”

“ஏப்பம் விட்டா மாட்டுக்கு என்ன கெடுதல்?”

“மாட்டுக்கு என்ன? அது ஜம்முனு விட்டுட்டுப் படுத்துக்கும். சூடு தாங்காம சாகப் போறது நாமதான்.”

மாட்டுப் பண்ணை அலுவலகத்தில் கடிதம் எழுதும் வேலைக்கு நான் சேர்ந்த அன்று நடந்த பேச்சு இது. பண்ணையில் அவருக்குப் பெயர் ‘ஏப்ப டாக்டர்’. பசு அசைபோடும்போது வயிற்றில் மீத்தேன் வாயு உண்டாகிறது. அது ஏப்பமாக வெளியேறிக் காற்றைச் சூடாக்குகிறது. காய்ந்த சிவப்புக் கடல்பாசியைச் சிறிதளவு தீவனத்தில் கலந்தால் அந்த வாயு குறையுமா என்று இங்கே சோதிக்கிறார்கள். கலப்பவர் அவர், அளப்பது ஒரு கருவி. பசு அதற்குள் தலையை விட்டுத் தின்னும்போது பசுவின் மூச்சைக் கருவி உறிஞ்சிக்கொள்ளும். பார்க்க வரும் பெரிய மனிதர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மாட்டின் வால் பக்கம் போய் நிற்பார்கள். “எல்லாரும் பின்னாடியே போறாங்க. சமாச்சாரம் முன்னாடில்ல இருக்கு!” என்பார், என் காதருகே.

பாசியைப் பொடித்து, கரும்புப் பாகு கரைத்த நீரில் ஊறவைத்து, தவிட்டோடு பிசைவார். முழங்கை வரை பச்சைக் கடல் வாசனை ஏறிவிடும். பிசைந்து முடித்ததும் கையைக் கழுவமாட்டார். முதலில் உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பார், கழுவுவது அதற்கப்புறம்தான். மாடுகளுக்கு அந்த வாசனை பிடிக்காது. அதிலும் ‘மாமியார்’ என்று அவர் பெயர் வைத்திருக்கும் கறுப்புப் பசு, நாக்காலேயே தவிட்டைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் பாசியைத் தொட்டியின் அடியில் விட்டுவிடும். அதன் நெற்றியைச் சொறிந்தபடி கெஞ்சுவார்: “தின்னும்மா. நீ தின்னாத்தான் அடுத்த மூட்டை வரும்.”

மூட்டை வரவேண்டும். அவருக்கு அதுதான் முக்கியம்.

அவர் கடலோரத்தில் பிறந்தவர். சிறுவயதில் அவரும் கூடப்பிறந்த அக்காவுமாகப் பாசி காயவைத்து, மூட்டை தைத்தவர்கள். அக்காவுக்கு இடக்கைப் பழக்கம். தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்து விழும். முடிவில் முயல் காது போல ஒரு சுருக்கு விடுவாராம். அக்கா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பால் வண்டி ஓட்டுபவரைக் கட்டிக்கொண்டு இவர் வந்துவிட்டார். அன்றோடு அக்கா பேச்சை நிறுத்திக்கொண்டார். ஃபோனில் தங்கை குரல் கேட்டாலே வைத்துவிடுவார். பிறகு இந்தச் சோதனை தொடங்கியது. முதல் மூட்டை வந்து இறங்கியது. எதிர்ப்பக்கம் சாய்ந்த தையல். நுனியில் முயல் காது.

“உலகத்துல இடக்கைக்காரி உன் அக்கா ஒருத்திதானா?” என்று கணவர் சீண்டுவார்.

“மத்தவங்க இப்படி இழுத்துத் தைப்பாங்களா? தையல்லயே கோவம் தெரியுது பாரு.”

காலிச் சாக்குகள் கடலோரத்துக்கே திரும்பிப் போகும். அவற்றை உதறி மடித்து, அதே முயல் காதுச் சுருக்குப் போட்டுக் கட்டி அனுப்புவார். ‘ஒரு கடிதம் வைக்கலாமே, நான் எழுதித் தருகிறேன்’ என்று சொல்லிப் பார்த்தேன்.

“எழுதினா படிக்கணும். படிச்சா பழசெல்லாம் கிளறும். முடிச்சுன்னா அவிழ்த்தாப் போதும்” என்றார்.

ஒருமுறை வந்த மூட்டைகளில் தையல் சற்றுத் தளர்ந்திருந்தது. வெகுநேரம் தடவிப் பார்த்தார். “கைவலியோ என்னவோ” என்றார். தீவனத் தொட்டிவரை போய்த் திரும்பி வந்து, “கோவம் குறைஞ்சும் இருக்கலாம், இல்ல?” என்று என்னிடம் கேட்டார். இருக்கலாம் என்றேன்.

போன மாதம் பாசி விற்பவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மூட்டை தைக்க இயந்திரம் வாங்கிவிட்டார்களாம். இனிமேல் சரக்கு சீக்கிரம் வருமாம். வியாபாரக் கடிதமெல்லாம் அவருக்குப் படிக்க வராத மொழியில் வருவதால் நான்தான் அவருக்குச் சொன்னேன். தவிட்டுக்குள் போன கை அப்படியே நின்றது. மாமியார் தொட்டியை முட்டிக் கூப்பிட்டது.

“மெஷின் நல்லாத்தான் தைக்கும்” என்றார் கடைசியில்.

மறுநாள் அடுத்த சரக்குக்கு நான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது அலுவலக வாசலில் வந்து நின்றார். சாணி ஒட்டிய பூட்ஸோடு உள்ளே வரமாட்டார். மேலங்கிப் பைக்குள் கை, நூல் சுருளை உருட்டிக்கொண்டிருந்தது.

“பாப்பா, அந்தப் பாஷையில இதையும் சேர்த்து எழுதிடு. மெஷின் தையலைப் பிரிக்க எங்களுக்கு வரல, கையாலயே தைச்சு அனுப்புங்கன்னு.” படியிறங்கியவர் திரும்பினார். “இடக்கைன்னு மட்டும் எழுதிடாத. கேட்டது நான்தான்னு தெரிஞ்சா, வீம்புக்கு வலக்கையால தைப்பா.”